சட்டை மாற்றும் கிருமிகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் கீழ்புத்துப்பட்டு வந்துவிடும். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலும் அதைச் சுற்றி நிற்கும் பழைய காடும்தான் ஊருக்கு அடையாளம். அங்கே இறங்காமல் அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருக்கும் உப்பைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். உப்பு இறுகப் போகிற பாத்திகளில் தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாக, ஏறக்குறைய ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும்.

உலகத்தில் எந்த உப்பளத்துக்குப் போனாலும் இந்த நிறத்தைப் பார்க்கலாம். யாரும் சாயம் கலக்கவில்லை. கடல் தண்ணீர் வெயிலில் காய்ந்து காய்ந்து கெட்டியாகும்போது மற்ற உயிர்கள் எல்லாம் செத்துவிடும். உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்கள் மட்டும் அந்தக் கரைசலில் கோடிக்கணக்கில் பெருகும். அவற்றின் உடம்பில் இருக்கும் நிறமிதான் தண்ணீரைச் சிவப்பாக்குகிறது. அவற்றில் பேர் பெற்றது ஹாலோபாக்டீரியம். (பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இது உண்மையில் ஆர்க்கியா என்ற வேறு வம்சம். பெயர் வைத்தபோது அது தெரியாது. அப்படியே நிலைத்துவிட்டது!)

இந்த ஹாலோபாக்டீரியத்தைச் சோதனைக்கூடத்தில் தட்டில் வளர்த்தவர்கள் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். ஒரே தாயிடமிருந்து வந்த கூட்டங்களில் பெரும்பாலானவை மங்கலாக, ஒளி புகாமல் இருக்கும். ஆனால் ஏறத்தாழ நூற்றில் ஒன்று கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கும். மங்கலானவற்றின் உடம்புக்குள் தண்ணீரில் மிதக்க உதவும் குட்டிக் குட்டிக் காற்றுப்பைகள் உண்டு. பளிச்சென்று இருப்பவற்றில் அவை இல்லை.

நூற்றில் ஒன்று என்பது சாதாரண விஷயமா? உயிர்களில் ஒரு குறிப்பிட்ட ஜீன் தானாகப் பிழைபட்டு மாறுவது பல லட்சத்தில் ஒரு தடவை நடக்கும். இங்கே நூற்றுக்கு ஒன்று! காரணத்தைத் தேடியபோது கிடைத்த விடை: அதன் டி.என்.ஏ.வில் தாவும் துண்டுகள் ஏராளம். ஒரு துண்டு இருந்த இடத்திலிருந்து கிளம்பிப்போய் காற்றுப்பை செய்யும் ஜீனின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஜீன் உடைந்துவிடும். 2000-ஆம் ஆண்டில் ஹாலோபாக்டீரியத்தின் ஒரு வகையுடைய முழு டி.என்.ஏ.வையும் படித்து முடித்தபோது, அதில் 91 தாவும் துண்டுகள் இருந்தன.

டி.என்.ஏ. என்றால் கல்வெட்டு மாதிரி, எழுதினால் எழுதியதுதான் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்த பலரும் நினைத்துக்கொண்டிருப்போம். அப்படியில்லை என்று 1940-களிலேயே மக்காச்சோளத்தை வைத்துச் சொன்னவர் பார்பரா மெக்ளின்டாக். ரொம்ப நாள் பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1983-இல்தான் நோபல் பரிசு வந்தது.

சரி, உப்பளத்து உயிருக்கு இது பெரும்பாலும் விபத்து. ஆனால் இதே வேலையை, அதாவது தன் டி.என்.ஏ.வைத் தானே இடம் மாற்றி அடுக்குவதை, ஒரு தொழிலாகவே செய்யும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை அதை வைத்து மாற்றிக்கொள்வது தங்கள் மேல்சட்டையை. அப்படி ஒன்றின் கதை நம் ஊர்ப் பஞ்சத்தோடு பின்னிக் கிடக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சட்டை ஏன் முக்கியம்?

நம் உடம்புக்குள் ஒரு கிருமி நுழைந்தால், உடம்பு முதலில் பார்ப்பது அதன் வெளிப்பக்கத்தைத்தான். கிருமியின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை அடையாளம் கண்டு, அவற்றுக்குச் சரியாகப் பொருந்தும் ஆன்டிபாடிகளை உடம்பு தயார் செய்யும். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. சாவி தயாராகச் சில நாள் ஆகும். அந்தச் சில நாள்தான் காய்ச்சல், உடம்பு வலி எல்லாம். சாவி வந்ததும் கிருமி காலி. அதோடு உடம்பு அந்தப் பூட்டின் வடிவத்தை ஞாபகமும் வைத்துக்கொள்ளும். தடுப்பூசிகள் எல்லாம் இந்த ஞாபகத்தை நம்பித்தான் போடப்படுகின்றன.

இப்போது கிருமியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். போலீஸிடம் உங்கள் போட்டோ இருக்கிறது. போட்டோவில் நீங்கள் போட்டிருப்பது நீலச் சட்டை. நீலச் சட்டைக்காரன் யாராக இருந்தாலும் பிடி என்று உத்தரவு. என்ன செய்வீர்கள்? சட்டையை மாற்றுவீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் கிருமிக்கு மூளை கிடையாது. போட்டோ எடுத்ததும் தெரியாது, உத்தரவு போட்டதும் தெரியாது. பிறகு எப்படிச் சரியான நேரத்தில் மாற்றுகிறது? இந்தக் கேள்வியைக் கடைசி வரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாது வருடமும் திரும்பி வரும் காய்ச்சலும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம். தமிழ்க் கணக்கில் தாது வருடத்தில் தொடங்கியதால் 'தாது வருடப் பஞ்சம்' என்றே இன்றும் சொல்கிறார்கள். சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணம் என்று பெரும்பரப்பு காய்ந்தது. மரக்காணம் கடற்கரை அப்போது தென்னாற்காடு ஜில்லாவில், சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான கணக்கு. உயிரோடு இருந்தவர்கள் ஊரை விட்டு நடந்தார்கள். தக்காணத்து வறண்ட ஜில்லாக்களிலிருந்து பலர் பம்பாய் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

1877-இல் பம்பாயில் அவர்களிடையே ஒரு காய்ச்சல் பரவியது. திடீரென்று குளிரோடு ஆரம்பிக்கும். ஐந்தாறு நாள், ஒரு வாரம் கொளுத்தும். பிறகு ஒரே நாளில் வியர்த்துக் கொட்டி நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்கார்வார், பசிக்கிறது என்பார். போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அதே காய்ச்சல் மறுபடியும் வரும். சிலருக்கு மூன்றாவது தடவையும். மீள்காய்ச்சல் என்றும், பஞ்சம் வரும்போதெல்லாம் கூடவே வருவதால் பஞ்சக் காய்ச்சல் என்றும் இதற்குப் பெயர்.

பம்பாயில் அப்போது ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற டாக்டர் இருந்தார். பெயர் தெரியாவிட்டாலும் மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் அவர் கை தெரியும். 1858-இல் வந்த கிரே'ஸ் அனாட்டமி புத்தகத்தின் படங்களை வரைந்தவர் அவர்தான். புகழ் முழுக்கக் கிரேவுக்குப் போனது. கார்ட்டர் அதே வருடம் பம்பாய்க்கு வந்து, கிரான்ட் மெடிக்கல் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டு, தொழுநோய் போன்றவற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இந்தக் காய்ச்சல் நோயாளிகளின் ரத்தத்தை அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு நடுவே ஸ்பிரிங் மாதிரி சுருண்ட மெல்லிய நூல்கள் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. இதே நூல்களை 1868-இல் பெர்லினில் ஓட்டோ ஓபர்மையர் பார்த்து, 1873-இல் எழுதியிருந்தார். எழுதிய அதே வருடம் காலராவில் இறந்தும் போனார். கார்ட்டர் அத்தோடு நிற்கவில்லை. காய்ச்சல் இருக்கும்போது, நின்றபோது, திரும்பியபோது என்று ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். காய்ச்சல் நாட்களில் நூல்கள் உண்டு. காய்ச்சல் நின்றதும் காணோம். மறுபடி காய்ச்சல் வந்தால் நூல்களும் வந்துவிடுகின்றன! நோயாளியின் ரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அவற்றுக்கும் காய்ச்சல் வருவதை நிரூபித்து 1880-இல் எழுதினார். 1882-இல் 'ஸ்பிரில்லம் ஃபீவர்' என்று ஒரு பெரிய புத்தகமே போட்டார்.

போன கிருமி எங்கே போனது? எப்படித் திரும்பி வந்தது? உடம்பு ஒரு முறை ஜெயித்துவிட்டதே, அந்த ஜெயிப்பு ஏன் ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை? கார்ட்டரிடம் மைக்ராஸ்கோப் இருந்தது. டி.என்.ஏ. என்ற ஒன்று தகவலைச் சுமக்கிறது என்று தெரிய இன்னும் அறுபது எழுபது வருடம் இருந்தது.

சீலைப்பேன்

அதற்குள் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. இந்தக் காய்ச்சல் எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது?

1907-இல் பெர்சிவல் மெக்கி என்ற டாக்டர் நாசிக்கில் ஒரு மிஷன் குடியிருப்பில் பிள்ளைகளிடையே பரவிய மீள்காய்ச்சலை ஆராய்ந்தார். அங்கே பையன்களும் பெண் பிள்ளைகளும் தனித்தனியாக இருந்தார்கள். பேன் அதிகம் இருந்த பக்கம் காய்ச்சலும் அதிகம். பேன்களைப் பிடித்து நசுக்கிப் பார்த்தால் உள்ளே அதே நூல்கள். தலைப்பேன் இல்லை, துணி மடிப்பில் குடியிருக்கும் சீலைப்பேன். அது ஒருவரின் ரத்தத்தைக் குடித்து, துணியோடு இன்னொருவரிடம் போகும். அரிக்கும்போது சொறிந்து நசுக்கினால் அதன் உள்ளே இருக்கும் கிருமி தோல் வழியாக இறங்கிவிடும்.

சீலைப்பேன் எங்கே வாழும்? துவைக்காமல், மாற்றாமல், இரவும் பகலும் உடம்பிலேயே கிடக்கும் துணியில். மாற்றுத் துணி இருந்து, வெந்நீரில் துவைத்துக் காயப்போட முடிந்தவரிடம் அது தங்காது. பஞ்சக் காய்ச்சல் என்ற பெயருக்கு அர்த்தம் இப்போது புரிகிறதா? பசி நேரடியாக இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருவதில்லை. பசியால் ஊரை விட்டு, இருந்த ஒற்றைத் துணியோடு கிளம்பி, அதே போலக் கிளம்பிய ஆயிரம் பேரோடு நெருக்கியடித்துப் படுப்பதால் வருகிறது.

இங்கேதான் மனதை உறுத்தும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் காய்ச்சலில் விழுந்த மனிதருக்கு மாற்ற இரண்டாவது உடுப்பு இல்லை. அவருடைய ரத்தத்தில் ஓடிய கிருமிக்கோ, அலமாரி நிறைய இருந்தது.

அலமாரி

அந்த அலமாரியைத் திறந்து பார்க்க 1980-கள் ஆனது. திறந்தவர்கள் அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்து ஹாமில்டன் ஊரிலிருந்த ராக்கி மவுன்டன் ஆய்வுக்கூடத்துக்காரர்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்களும். அவர்கள் கையில் எடுத்தது பேன் வழியாக வரும் வகையை இல்லை. உண்ணி வழியாக வரும் அதன் ஒன்றுவிட்ட சகோதரம், பொரேலியா ஹெர்ம்ஸி. அதை எலிகளில் வளர்ப்பது சுலபம்.

1982-இல் ஸ்டோனரும் கூட இருந்தவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே ஒரு கிருமியை எடுத்து எலிக்குள் விட்டார்கள். அது பெருகியது, அடங்கியது, திரும்பியது. ஒவ்வொரு முறையும் வந்தவற்றைப் பிடித்து, எந்த ஆன்டிபாடிக்கு மசிகிறது என்று பிரித்தார்கள். அந்த ஒற்றைக் கிருமியின் வாரிசுகளில் 24 வெவ்வேறு சட்டைகள்! அத்தனையும் ஒரே தாயின் டி.என்.ஏ.விலிருந்து வந்தவை.

அடுத்த சில வருடங்களில் ஆலன் பார்பர், மெல்வின் சைமன் முதலானவர்கள் அது எப்படி என்று கண்டுபிடித்தார்கள். 1985-இல் முக்கியக் கட்டுரைகள் வந்தன. விஷயம் கேட்கச் சுலபமானது.

கேசட் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அலமாரியில் ஏகப்பட்ட கேசட். எத்தனை கேசட் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான் கேட்கும், ஏனென்றால் ரெக்கார்டரில் உள்ள கேசட் மட்டும்தான் பாடும். அலமாரியில் இருப்பவை ஊமை.

பொரேலியாவிலும் அப்படித்தான். சட்டைப் புரதத்துக்கான ஜீன்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் ஊமை ஜீன்கள். 'இங்கிருந்து படி' என்று சொல்லும் தொடக்கக் குறி அவற்றுக்கு முன்னால் இல்லை. அந்தக் குறி இருப்பது ஒரே ஒரு இடத்தில், ஒரு பிளாஸ்மிடின் ஓரத்தில். அந்த இடத்தில் எந்த ஜீன் உட்கார்ந்திருக்கிறதோ, அதுதான் அப்போதைய சட்டை. எப்போதாவது, ஏதோ ஒரு ஊமை ஜீனின் நகல் அங்கே வந்து பழைய ஜீனை அழித்துவிட்டு உட்காரும். சட்டை மாறிவிட்டது.

கேசட் உவமை ஓர் இடத்தில் உதைக்கும். கேசட்டை எடுத்தால் அலமாரியில் அந்த இடம் காலி. இங்கே அப்படியில்லை. போவது நகல்தான், மூலம் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கும். ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. அதனால் அலமாரி தீர்ந்துபோவதே இல்லை. தாயிடமிருந்து மகளுக்கு முழு அலமாரியும் அப்படியே போகும்.

(பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் முக்கிய டி.என்.ஏ. தவிர அது வைத்திருக்கும் சின்னச் சின்னத் துணைத் துண்டுகள். பெரும்பாலான பாக்டீரியாக்களில் அவை வளையமாக இருக்கும். பொரேலியாவில் பல பிளாஸ்மிடுகள் நூல் மாதிரி நீளமாக, இரண்டு முனையோடு இருக்கும்.)

இந்தச் சட்டைப் புரதம் வெறும் வேஷம் மட்டும் போடுவதில்லை. பேன் வழிக் காய்ச்சலில் உடம்பு கொதிப்பதற்கு முக்கியக் காரணமே அந்தப் புரதம்தான் என்று 1998-இல் காட்டினார்கள். நம் ரத்த அணுக்களை உசுப்பிவிட்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் கிளப்புவது அதுதான்.

மூளை இல்லாமல் தந்திரம்

இப்போது அந்தப் பழைய கேள்வி. ஆன்டிபாடி வரப்போகிறது என்று கிருமிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. தெரியவும் வேண்டாம். எலியே இல்லாமல், ஆன்டிபாடியே இல்லாமல் வளர்த்தாலும் இந்த மாற்றம் நடக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரத்தில் ஒன்றோ பத்தாயிரத்தில் ஒன்றோ காரணமே இல்லாமல் சட்டையை மாற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நோயாளியின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் கிருமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் ஒன்று மாறினால், ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கிருமிகள் வேறு சட்டையில். உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம், ஆக ஐம்பது லட்சம். ஆன்டிபாடி வந்து நீலச் சட்டைகளை எல்லாம் வாரிக்கொண்டு போகும்போது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இவை ஏற்கெனவே அங்கே நிற்கின்றன. மைக்ராஸ்கோப்பில் தேடினாலும் சிக்காத அளவுக்குக் கொஞ்சம் பேர். கார்ட்டர் கண்ணுக்குக் 'காணாமல் போனது' இதனால்தான். மிச்சம் இருப்பவை பெருகித் திரும்பக் கண்ணில் படச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் நோயாளி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்கிறார்.

அதாவது காய்ச்சல் 'திரும்பி' வரவில்லை. முதல் காய்ச்சலின்போதே இரண்டாவது காய்ச்சல் பிறந்துவிட்டது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எல்லாச் சட்டைகளும் ஒரே நேரத்தில் சம அளவில் வெளியே வந்துவிட்டால் கிருமிக்கு நஷ்டம். உடம்பு மொத்த அலமாரிக்கும் ஒரே தடவையில் சாவி செய்துவிடும். ஆகவே வரிசை வேண்டும். பார்பரும் அவர் குழுவினரும் 2006-இல் அதைக் காட்டினார்கள். சில ஊமை ஜீன்களின் ஓரங்கள் அந்த ஒற்றை இடத்தோடு நன்றாகப் பொருந்தும், அவை அடிக்கடி நகலாகும், முதலில் வரும். சரியாகப் பொருந்தாதவை அபூர்வமாக வரும், கடைசிக்கு நிற்கும். யாரும் மேய்க்காமலேயே ஒரு வரிசை. தற்செயல்தான், ஆனால் கொஞ்சம் சாய்த்து வைத்த தாயக்கட்டை.

பேன் வழி வரும் பொரேலியா ரிக்கரென்டிஸின் டி.என்.ஏ.வை 2008-இல் முழுதாகப் படித்தார்கள். உண்ணி வழி வரும் ஆப்பிரிக்க உறவினரோடு ஒப்பிட்டால் இது பல ஜீன்களைத் தொலைத்துவிட்டு நிற்கிறது. அலமாரியும் சின்னது. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கவும் மாற்றி அடுக்கவும் பயன்படும் ஒரு முக்கிய ஜீன் கூட உடைந்து கிடக்கிறது. உண்ணிக் காய்ச்சல் பல முறை திரும்ப, பேன் காய்ச்சல் ஓரிரு முறையோடு நின்றுவிடுவது இதோடு பொருந்திப் போகிறது. ஆனால் ஆளைக் கொல்வதில் பேன் வகைதான் மோசம். சட்டை குறைந்தால் சாது என்று அர்த்தமில்லை.

மற்ற தையல்காரர்கள்

இதே தந்திரத்தை வேறு வேறு விதமாகச் செய்பவர்கள் உண்டு. சுருக்கமாக:

சால்மொனெல்லா. உணவு விஷமாகிப் போகும்போது அடிக்கடி அடிபடும் பெயர். இதன் பல வகைகளுக்கு நீந்தும் வாலில் இரண்டு தினுசு உண்டு என்று 1922-லேயே ஆண்ட்ரூஸ் பார்த்தார். ஏன் என்று தெரிந்தது 1977-இல். சுமார் ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு அப்படியே தலைகீழாகத் திரும்புகிறது. ஒரு பக்கம் இருந்தால் ஒரு வால், திருப்பிப் போட்டால் இன்னொரு வால். ஸ்விட்ச் போடுவது மாதிரி.

கொனோரியா கிருமி. இதற்கு வேலை செய்யும் ஜீன் ஒன்று, பக்கத்தில் ஊமை நகல்கள் பத்தொன்பது வரை. முழு ஜீனை மாற்றாமல் அங்கங்கே ஒட்டுப் போட்டுக்கொள்ளும். கை ஒரு சட்டையிலிருந்து, காலர் இன்னொன்றிலிருந்து. அதனால் கிடைக்கும் விதங்களுக்குக் கணக்கே இல்லை. ஒருவருக்கே இந்த நோய் திரும்பத் திரும்ப வருவதற்கும், இதற்கென்றே ஒரு தடுப்பூசி செய்வது இத்தனை கஷ்டமாக இருப்பதற்கும் இது பெரிய காரணம்.

பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ். நம் குடலில் சாதுவாகக் குடியிருப்பது. இதற்கு எட்டு விதமான சர்க்கரைப் போர்வை உண்டு. அதில் ஏழுக்கு ஆன், ஆஃப் ஸ்விட்ச் டி.என்.ஏ.வைத் திருப்பிப் போடுவதுதான். ஆக இந்த வித்தை நோய்க்கிருமிகளின் தனிச்சொத்து இல்லை. இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வயிற்றுக்குள்ளும் நடக்கலாம்!

உப்பு உலகமும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. உப்பும் காரமும் மிகுந்த கென்யாவின் மகாடி ஏரியில் வாழும் ஓர் ஆர்க்கியாவுக்கு ஒரு வைரஸ் எதிரி உண்டு. அந்த வைரஸ் தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டு, எதிரியைப் பற்றிக்கொள்ளும் வால் புரதத்தை மாற்றிக்கொள்கிறது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க மட்டும் இல்லை, மாட்டவைக்கவும் சட்டை மாற்றலாம் போலிருக்கிறது.

கடைசியில் ஜெயிப்பது எது?

மீள்காய்ச்சலுக்கு இன்று மருந்து இருக்கிறது. பேன் வழி வருவதற்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து ஒரே ஒரு வேளை போதும் என்கிறார்கள். ஆன்டிபயாடிக் சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் இயந்திரத்தை நிறுத்துகிறது. எந்தச் சட்டை போட்டிருந்தாலும் ஒன்றுதான். (ஆனால் மருந்து போட்ட சில மணி நேரத்தில் கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது நோயாளிக்குப் பயங்கரமாக நடுக்கல் வரும். பக்கத்தில் டாக்டர் இருக்க வேண்டிய நேரம் அது.)

ஆனால் இந்தக் காய்ச்சல் பெரும்பாலான நாடுகளிலிருந்து விலகிப்போனதற்கு மருந்து மட்டும் காரணம் இல்லை. மக்களுக்கு இரண்டாவது துணி கிடைத்தது. சோப்பு கிடைத்தது, தண்ணீர் கிடைத்தது, தனியாகப் படுக்க இடம் கிடைத்தது. பேன் போனது, காய்ச்சலும் போனது. கோடி வருடமாகச் செதுக்கப்பட்ட ஒரு வித்தையை ஒரு மாற்றுச் சேலை தோற்கடித்துவிட்டது.

அந்த மாற்றுத் துணி எங்கே இன்னும் கிடைக்கவில்லையோ அங்கே அது இன்னும் இருக்கிறது. முக்கியமாக எத்தியோப்பியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும். 2015-இல் ஐரோப்பாவில் பல நாடுகளில் டாக்டர்கள் இதைத் திடீரென்று பார்த்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாலைவனத்தையும் கடலையும் கடந்து வந்த அகதிகளிடம். உடனே எழும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "அவர்கள் நோயைக் கொண்டு வருகிறார்கள்."

ஊரை விட்டு வருவது என்றால் என்னவென்று கீழ்புத்துப்பட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம் ஒன்று அங்கே பல வருடங்களாக இருக்கிறது. அப்படி வருபவர்கள் கையில் கிடைத்த பையோடுதான் வருவார்கள். அவர்களைப் பார்த்து நோய் என்று சொல்வது சுலபம். 1877-இல் பம்பாய்க்கு நடந்து வந்தவர்களையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவர்கள் கொண்டு வந்தது பசியை. பேன் ஏறியது வழியில், நெருக்கடியில், துவைக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில்.

கிருமியின் டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதை நாம் அழிக்க முடியாது. அது தன் அலமாரியை இன்னும் ஆயிரம் தலைமுறைக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். மனிதருடைய அலமாரியில் இரண்டு உடுப்பாவது இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதற்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை.